செலவுக் கணக்கு எழுதிய இசைத்தட்டுகள்

பங்க் என்றால் ஓசூரில் டீசல் போடுகிற இடம். ஜூஜூவாடியிலிருந்து சூளகிரி வரைக்கும் நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் பங்க்தான். இன்னொரு அர்த்தமும் உண்டு. எண்பதுகளில் பின்கழுத்தில் முடியை வளர்த்துவிட்டுத் திரிந்த பையன்களைப் 'பங்க் தலையன்' என்று வீட்டில் திட்டினார்கள். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று திட்டியவர்களுக்கும் தெரியாது, வாங்கிக்கொண்டவர்களுக்கும் தெரியாது. நியூயார்க்கிலும் லண்டனிலும் 1975-76 வாக்கில் கிளம்பிய ஒரு இசையின் பெயர் அது. இசை வராமலே பெயர் மட்டும் நம்ம ஊர் சலூன் நாற்காலி வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. மையத்திலிருந்து விளிம்புக்குப் பண்பாட்டுப் பொருள்கள் பயணப்படுவது பெரும்பாலும் இப்படித்தான். உடம்பு அங்கேயே நின்றுவிடும், முடி மட்டும் வரும்.

இந்தக் கட்டுரை அந்த உடம்பைப் பற்றியது. தொடக்ககால பங்க் இசைத்தட்டுகளை உலகெங்கும் தேடிச் சேகரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எதைக் காப்பாற்றுகிறார்கள், எதைக் கைநழுவ விடுகிறார்கள், அதில் நமக்கு என்ன வேலை என்பதுதான் கேள்வி. இசை பிடிக்குமா பிடிக்காதா என்பது வேறு விஷயம். கிடாரில் மூன்றே பிடி, தறிகெட்ட வேகத்தில் டிரம், பாடக் கற்காதவன் குரல். அவ்வளவுதான் சரக்கு. கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு இரைச்சல். இருக்கட்டும்.

1

பெயர்பெற்ற பங்க் தட்டுகள் அரிதானவை அல்ல. செக்ஸ் பிஸ்டல்ஸ், க்ளாஷ் போன்ற குழுக்களைப் பெரிய கம்பெனிகள் வாங்கிப்போட்டுக்கொண்டன, தட்டுகள் ஏராளமாக வெளிவந்தன. சேகரிப்பாளர் தேடுவது அதையல்ல. ஏதோ ஒரு ஊரில், யாரோ நாலு பேர், சொந்தக் காசில் ஐந்நூறு பிரதி மட்டும் அடித்துவிட்டுக் காணாமல்போன தட்டுகளைத்தான். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்தில் செயின்ட்ஸ் என்ற குழு 1976 செப்டம்பரில் தன் முதல் தட்டைத் தானே வெளியிட்டது. லண்டனின் முதல் பங்க் தட்டு என்று சொல்லப்படுகிற டாம்ண்டு குழுவின் தட்டு வந்தது அக்டோபரில்தான். பெரு நாட்டின் லிமாவில் லோஸ் சைக்கோஸ் என்ற குழு 1965-66லேயே, பங்க் என்ற பெயர் சூட்டப்படுவதற்குப் பத்து வருஷம் முன்னாலேயே, அதே கத்தலையும் அதே வேகத்தையும் தட்டில் பதிந்துவைத்திருந்தது. 1980இல் தெற்கு லண்டனில் ஏலியன் கல்ச்சர் என்ற குழு ஒரே ஒரு தட்டு போட்டது. அதில் மூன்று பேர் பாகிஸ்தானிய வம்சாவளிப் பையன்கள். அந்நியப் பண்பாடு இங்கிலாந்தை மூழ்கடித்துவிடுமோ என்று மக்கள் அஞ்சுவதாக 1978இல் மார்கரெட் தாட்சர் பேசிய பேச்சிலிருந்துதான் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள்.

இந்தத் தகவல்கள் எப்படி நமக்குத் தெரியும்? இசை வரலாற்றாசிரியர்கள் எழுதியதால் மட்டும் அல்ல. பழைய கடைகளில் அட்டைப்பெட்டிகளைக் கிளறிய சேகரிப்பாளர்களால்தான் பெரும்பகுதி தெரியும். 1980களின் இறுதியில் 'கில்டு பை டெத்' என்ற வரிசையில் இப்படிப்பட்ட மறந்துபோன தட்டுகளைத் தொகுத்து, யாருடைய அனுமதியும் கேட்காமல், நீள்தட்டுகளாகப் போட்டார்கள். திருட்டுப் பதிப்புதான். ஆனால் அந்தத் திருட்டு நடக்காமல் இருந்திருந்தால், லண்டன், நியூயார்க் என்ற இரண்டு ஊர்களின் பெருங்கதையாடலாகவே பங்க் முடிந்துபோயிருக்கும். டிக் ஹெப்டிஜ் 1979இல் எழுதிய உபபண்பாடு பற்றிய பெயர்பெற்ற புத்தகம் லண்டன் தெருவையும் அங்கே போடும் உடுப்பையும் ஊக்கையும் குறிகளாக வாசித்தது. சேகரிப்பாளர் வாசித்தது வேறு: லேபிளில் உள்ள முகவரியை.

2

நான் ஓசூர் சிப்காட்டில் டூல்ரூம் வேலை பார்த்தவன். இசைத்தட்டு எனக்கு முதலில் ஒரு அச்சுவேலையாகத்தான் புரிந்தது. லாக்கர் பூசிய அலுமினியத் தட்டில் ஊசி தடத்தை வெட்டுகிறது. அதன்மேல் வெள்ளி தெளித்து, நிக்கல் முலாமைத் தடிமனாக ஏற்றி உரித்தெடுக்கிறார்கள். உரித்ததற்குப் பெயர் தகப்பன். தகப்பனிலிருந்து தாய், தாயிலிருந்து ஸ்டாம்பர் எனும் அச்சு. சூடான பிவிசி கட்டியை இரண்டு அச்சுக்கும் நடுவில் வைத்து பிரஸ்ஸை இறக்கினால், ஒரு நிமிஷத்துக்குள் தட்டு தயார். தண்ணீர்க் குழாய் செய்கிற அதே பிவிசி குடும்பம்தான். டை ஒன்றைச் செய்ய ஆகும் செலவு நிலையானது. குறைவாக அடித்தாலும் அந்த அச்சுக்கூலி குறையாது. அதனால்தான் சின்ன எண்ணிக்கையில் தட்டு போடுவது பெரிய கம்பெனிக்குக் கட்டுப்படியாகாது. தட்டு போடுவது தங்களுக்கு மட்டுமே முடிகிற மாயவித்தை என்று அந்தக் கம்பெனிகள் ஒரு பிம்பத்தையும் கட்டிவைத்திருந்தன.

பங்க் உடைத்தது அந்தப் பிம்பத்தை. மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு, தெரிந்தவர்களிடம் சுமார் ஐந்நூறு பவுண்டு கடன் வாங்கி, 1977 ஜனவரியில் 'ஸ்பைரல் ஸ்கிராட்ச்' என்ற தட்டை ஆயிரம் பிரதி போட்டது. அதன் உறையில், எந்தப் பாட்டு எத்தனையாவது தடவையில் சரியாக வந்தது, பிறகு அதன்மேல் என்ன சேர்த்துப் பதிந்தார்கள் என்று அச்சிட்டிருந்தார்கள். இதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இது எங்கள் ஜாப் கார்டு! ஒவ்வொரு உதிரிபாகத்தோடும் ஒரு அட்டை போகும்: எந்த மெஷின், எந்த ஆபரேஷன், எத்தனை ரிஜெக்ட். பாகம் வண்டியில் ஏறியதும் அந்த அட்டை கிழிபடும். வாங்குகிறவன் கண்ணுக்கு அது போகவே போகாது. போகாமல் இருப்பதால்தான் வண்டி தானாகவே பிறந்ததுபோலப் பளபளக்கிறது. மார்க்ஸ் பண்ட வழிபாடு என்று சொன்னதை எங்கள் ஷாப் ஃப்ளோரில் விளக்க வேண்டுமென்றால் இந்தக் கிழிந்த அட்டையைக் காட்டினால் போதும். பஸ்காக்ஸ் அந்த அட்டையைக் கிழிக்காமல் உறையிலேயே ஒட்டிக் கொடுத்தார்கள்.

அதே 1977இல் டெஸ்பரேட் பைசிக்கிள்ஸ் என்ற லண்டன் குழு, தன் முதல் தட்டுக்கு ஆன மொத்தச் செலவு 153 பவுண்டு என்று பகிரங்கமாகச் சொன்னது. நீயும் போய்ப் போடு என்பது செய்தி. 1978இல் ஸ்கிரிட்டி பொலிட்டி என்ற குழு இன்னும் ஒரு படி போனது. பதிவுக்கு இவ்வளவு, அச்சு வெட்ட இவ்வளவு, தட்டு அடிக்க இவ்வளவு, லேபிளுக்கு இவ்வளவு என்று வரிவரியாகச் செலவுக் கணக்கை உறையிலே போட்டது. அந்தக் குழுவின் பெயர் கிராம்ஷியின் அரசியல் எழுத்துகளைக் குறிக்கும் இத்தாலியச் சொற்றொடரை வேண்டுமென்றே கொஞ்சம் திரித்தது. தமிழில் கிராம்ஷியை நாம் மேலாண்மை, குடிமைச் சமூகம் என்று கருத்தாக்கங்களாகப் படித்தோம். லண்டனில் வாடகை கொடுக்காமல் காலி வீட்டில் குடியேறி வாழ்ந்த அந்தப் பையன்கள் அவரைக் கணக்குப் பிள்ளையாக ஆக்கிவிட்டார்கள். அதிகாரத்தைக் கட்டுடைப்பதற்குப் பிரதியை வாசிப்பது ஒரு வழி என்றால், பிரதியை அச்சிட எவ்வளவு ஆச்சு என்று சொல்லிவிடுவது இன்னொரு வழி.

தொடக்ககால பங்க் தட்டுகளில் எனக்குப் பட்ட சாரம் இதுதான். கோபம் அல்ல, கிழிந்த சட்டை அல்ல. உற்பத்தியின் கணக்கை நுகர்பவனிடம் காட்டிவிடுவது.

3

இப்போது சேகரிப்புக்கு வருவோம். டெட்ராய்ட் கார் தொழிற்சாலைகளின் ஊர். ஓசூர் மாதிரி என்று சொல்லமாட்டேன், ஓசூர்தான் அதன் மாதிரியில் கனவு கண்ட ஊர். அங்கே ஹாக்னி என்ற கறுப்பினச் சகோதரர்கள் மூன்று பேர் 'டெத்' என்ற பெயரில் குழு வைத்திருந்தார்கள். கறுப்பர்கள் என்றால் ஆட்டப்பாட்டு இசைதான் போட வேண்டும் என்ற எதிர்பார்ப்புக்கு எதிராக, 1975இல், பின்னால் பங்க் என்று அழைக்கப்படப்போகும் இசையைப் பதிந்தார்கள். பெயரை மாற்றினால் வெளியிடலாம் என்று வந்த வாய்ப்பை மறுத்தார்கள். 1976இல் சொந்தமாக ஐந்நூறு பிரதி போட்டார்கள். யாரும் சீந்தவில்லை. மூத்தவர் டேவிட் 2000இல் இறந்துபோனார். அதற்குப் பிறகு சேகரிப்பாளர்களிடையே அந்தச் சின்னத் தட்டின் பெயர் பரவியது, விலை நூற்றுக்கணக்கான டாலராக ஏறியது. 2009இல் முழுப் பதிவும் நீள்தட்டாக வெளிவந்தது.

ஓசூர்க்காரனுக்கு இந்த விலையேற்றம் புரியாத விஷயமல்ல. ஒரே டீசல் அத்திப்பள்ளியில் ஒரு விலை, ஜூஜூவாடியில் ஒரு விலை. எண்ணெய் மாறவில்லை, நடுவில் இருக்கிற கோடுதான் விலையைச் செய்கிறது. டெத் தட்டின் தடத்திலும் 1976க்கும் இன்றைக்கும் இடையில் எதுவும் மாறவில்லை. யார் பார்க்கிறார்கள் என்ற கோடுதான் மாறியது. 'அரியது' என்பது பொருளின் குணமல்ல, பார்வையின் குணம். ஐந்நூறு பிரதி போட்டு யாரும் தேடாத தட்டு அரியதே அல்ல, அது வெறும் மீந்த சரக்கு. தேடுகிறவன் வந்த கணத்தில்தான் அது அரியதாகிறது.

இதை வைத்துச் சேகரிப்பாளரைத் திட்டிவிட்டுப் போய்விடலாம். சுலபம். ஆனால் நியாயமல்ல. வால்டர் பெஞ்சமின், பொருள்களைப் பயன்பட வேண்டிய அடிமைத்தனத்திலிருந்து விடுவிக்கிறவனாகச் சேகரிப்பாளனைப் பார்த்தார். நான் அதைத் திருப்பிப்போட்டுச் சொல்வேன்: சேகரிப்பாளன் பொருளுக்குள் ஒளிந்திருக்கிற வேலையைப் படிக்கத் தெரிந்தவன். ஒரு உதாரணம். பாட்டு முடிந்து ஊசி சுற்றும் வெற்று வளையத்தில், அச்சு வெட்டுகிறவர்கள் கையாலே எண்களைக் கீறுவார்கள். இங்கிலாந்தில் ஜார்ஜ் பெக்கம் என்ற வெட்டுத் தொழிலாளி 'போர்க்கி' என்ற தன் பட்டப்பெயரைக் கீறிவைப்பார். வேறு சிலர் கிண்டல் வாசகங்களைக் கீறினார்கள். உறையில் இடம் கிடைக்காத அந்தக் கைவேலையை விளக்கொளியில் சாய்த்துப் பிடித்து எழுத்தெழுத்தாகப் படித்துப் பட்டியலிட்டவர்கள் சேகரிப்பாளர்கள்தான். எங்கள் இன்ஸ்பெக்டர் பாகத்தின் மூலையில் அடிக்கிற பஞ்ச் குறியை இதுவரை எந்த வாடிக்கையாளரும் அப்படிப் படித்ததில்லை.

ஆக சேகரிப்பு இரண்டு வேலை செய்கிறது. உழைப்பின் தடத்தைக் கண்டுபிடிக்கிறது. கண்டுபிடித்த உடனே அதன்மேல் விலைச்சீட்டை ஒட்டி மூடியும் விடுகிறது. 153 பவுண்டில் யாரும் போடலாம் என்று அறிவித்த தட்டு, யாராலும் வாங்க முடியாத தட்டாகிறது. என்னிடம் இந்தத் தட்டுகளில் ஒன்றுகூட மூலப்பதிப்பாக இல்லை. மறுபதிப்புகளும் நகல்களும்தான். கணக்கைப் படிக்க நகல் போதும்.

4

நமக்கு ஏன் இப்படி ஒரு தட்டு இல்லை?

1976 நமக்கு நெருக்கடிநிலை வருஷம். 'அன்னக்கிளி' வந்த வருஷமும் அதுதான். தொலைக்காட்சியில் கெட்ட வார்த்தை பேசிய கலாட்டாவுக்குப் பிறகு செக்ஸ் பிஸ்டல்ஸை 1977 ஜனவரியில் கைகழுவிய இ.எம்.ஐ. கம்பெனிதான் அன்றைக்கு நம்முடைய கிராமபோன் கம்பெனிக்கும் தாய்க் கம்பெனி. 1980களின் நடுவில் கோயங்கா குழுமத்துக்குக் கைமாறும்வரை அப்படித்தான். கல்கத்தாவின் டம்டம்மில் 1928இல் தொடங்கிய அதன் ஆலையும், பின்னால் வந்த பாலிடார், இன்ரெகோ போன்ற ஒருசில கம்பெனிகளும்தான் இந்தியாவில் பிரஸ் வைத்திருந்தன. நாலு பையன்கள் கடன் வாங்கிக்கொண்டு போய் ஐந்நூறு தட்டு அடித்துக்கொடு என்று கேட்பதற்கு ஒரு கதவு இல்லை. முரண் என்னவென்றால், பிவிசி வருவதற்கு முன் உலகமே தட்டு செய்தது அரக்கில். அந்த அரக்கைப் பெருமளவில் அனுப்பியது இந்தியா. மூலப்பொருள் நம்முடையது, அச்சு நம்முடையதல்ல.

கதவு திறந்த ஒரே இடத்தைப் பார்க்கலாம். சிம்லா என்ற சிகரெட்டின் பெயரால் புகையிலைக் கம்பெனி ஒன்று கல்லூரிப் பையன்களின் ராக் குழுக்களுக்கு அகில இந்தியப் போட்டி நடத்தியது. தேறியவர்களின் பாடல்கள் 'சிம்லா பீட்' என்று 1970, 1971 ஆண்டுகளின் பெயரில் இரண்டு நீள்தட்டுகளாக வந்தன. பங்குக்கு முந்தைய 'கராஜ்' இசை என்று இன்றைக்கு மேற்கத்தியச் சேகரிப்பாளர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் தட்டுகள் இவை. மறுபதிப்பும் கண்டன. கொஞ்சம் ஒப்பிட்டுப் பாருங்கள்: அவர்கள் உறையில் செலவுக் கணக்கு, நம் உறையில் சிகரெட் பெயர். செலவை யார் செய்தார்கள் என்பதை இரண்டுமே சொல்லிவிடுகின்றன. இந்தியாவில் பெருங்கம்பெனியின் விளம்பரமாக மட்டுமே ஒரு இளைஞனின் இரைச்சல் தட்டில் ஏற முடிந்தது.

பிறகு நடந்ததும் பழக்கமான கதை. பம்பாயின் சரண்ஜித் சிங் 1982இல் சிந்தசைசரில் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து வெளியிட்ட நீள்தட்டு விலைபோகவில்லை. டச்சு சேகரிப்பாளர் ஒருவர் டில்லியில் அதை எடுத்தார். 2010இல் மறுபதிப்பு வந்ததும், சிகாகோவில் சில வருஷம் கழித்துப் பிறந்த 'ஆசிட் ஹவுஸ்' இசையின் முன்னோடி என்று உலகமே பேசியது. நல்ல விஷயம்தான், அந்த மனுஷன் உயிரோடு இருக்கும்போதே பெயர் கிடைத்தது. ஆனால் முன்னோடி என்ற சொல்லைக் கவனியுங்கள். அவருடைய வேலைக்கு அர்த்தம் சிகாகோவிலிருந்து கடனாக வருகிறது. நம்முடைய பொருளுக்கு நாமே பட்டியல் போடாதவரை, அவர்களுடைய பட்டியலில் அடிக்குறிப்பாகத்தான் இருப்போம்.

5

ஆகவே இந்தியாவில் பங்க் தட்டு எங்கே என்று கேட்பதே தவறான கேள்வி. அந்தத் தட்டு செய்த வேலையை இங்கே எது செய்தது என்று கேட்க வேண்டும். பதில்: கேசட். பீட்டர் மானுவல் 1993இல் வட இந்தியக் கேசட் பண்பாடு பற்றி எழுதிய புத்தகம் இதை விரிவாகக் காட்டியது. கம்பெனியின் ஏகபோகத்தை உடைத்தது ஒலிநாடா. பிரஸ் வேண்டாம், டை வேண்டாம், இரண்டு டெக் இருந்தால் போதும். கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு பக்கத்து ரெக்கார்டிங் சென்டரில் பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்தால் காலி நாடாவில் பதிந்து, உறையில் சிவப்பு மையில் பட்டியலையும் எழுதித் தருவார்கள். மாரியம்மன் பாட்டும் கட்சிப் பேச்சும் கானாவும் அதே நாடாவில்தான் ஊர் ஊராகப் போயின. இன்குலாப்பின் 'மனுசங்கடா' கே.ஏ.குணசேகரன் குரலில் மேடை மேடையாகப் பரவியதும் அந்தக் காலத்தில்தான்.

ஓசூரில் இன்னொரு வகை இருந்தது. லேலண்டு 1980இல் வந்தது, டைட்டன் 1987இல் வந்தது, சுற்றிலும் நூற்றுக்கணக்கான சின்னப் பட்டறைகள் வந்தன. வேலைக்கு வந்தவர்கள் பேசியது தமிழ், தெலுங்கு, கன்னடம். அறைக்கு ஆறு பேர், ஒரு டேப்ரிக்கார்டர். கத்தார் பாடிய தெலுங்குப் பாட்டு ஓடும், அர்த்தம் புரியாத தருமபுரிப் பையன்களும் பல்லவிக்குச் சேர்ந்துகொள்வார்கள். கேட் மீட்டிங் பேச்சைப் பதிந்து அடுத்த ஷிப்ட்காரர்களுக்குப் போட்டுக் காட்டுவார்கள். வேலைநிறுத்தப் பந்தலில் சினிமா மெட்டில் கட்டிய பாட்டுகள் இருந்தன. சூப்பர்வைசரைக் கிண்டலடிக்கிற பாட்டுகள், கேண்டீன் சாம்பாரைப் பற்றி ஒரு ஒப்பாரி. இசையென்று பார்த்தால் ஒன்றுமில்லை. தப்பட்டைக்குப் பதில் டிபன் பாக்ஸ். மூணு பிடிகூடத் தேவைப்படாத பங்க்.

இவற்றில் அறுபதுக்கு மேற்பட்ட நாடாக்களை நான் குஜிரிக் கடைகளிலிருந்தும் காலிசெய்த அறைகளிலிருந்தும் சேர்த்திருக்கிறேன். பாதி பூஞ்சை பிடித்தவை. நாடாவில் இரும்புத்தூளைப் பிடித்துவைத்திருக்கிற பசை ஈரத்தில் இளகுகிறது, ஓட்டினால் ஹெட்டில் ஒட்டி உரிகிறது. தட்டு ஐம்பது வருஷம் பெட்டியில் கிடந்தாலும் பாடும், நாடா அப்படியில்லை. சேகரிப்பாளர் உலகம் இதைத் தேடி வராது. பதிப்பு எண் இல்லை, வருஷம் இல்லை, ஒரே ஒரு பிரதிதான். தட்டுச் சந்தைக்கு இரண்டாவது பிரதி வேண்டும், ஒப்பிட்டால்தான் விலை. ஒரே பிரதியாக இருப்பது அரியதிலும் அரியது, ஆனால் விலையில்லாதது. ஆகவே இது நம் தலையில்தான் விழுகிறது.

முப்பதுகளில் கிராமபோன் தட்டுகள் தேசியப் பாடல்களைத் தமிழ்நாட்டில் எப்படிப் பரப்பின என்று தியடோர் பாஸ்கரன் 1981இல் எழுதினார். அப்போது அந்தத் தட்டுகளில் பலவற்றைத் தனிமனிதர்கள் வீட்டில் வைத்திருந்தார்கள். அதுபோல எண்பது, தொண்ணூறுகளின் தொழிலாளர் குரலை எழுதப்போகிறவனுக்கு நாம் என்ன வைத்திருக்கிறோம்? மேற்கிலிருந்து இறக்க வேண்டியது பங்க் இசையை அல்ல, அந்தச் சேகரிப்பாளரின் ஒழுக்கத்தை. விலைச்சீட்டை விட்டுவிட்டு, விளக்கொளியில் சாய்த்துப் பிடித்துப் படிக்கிற பழக்கத்தை.

என் முறை இது. ஒவ்வொரு நாடாவுக்கும் ஒரு ஜாப் கார்டு. யார் பதிந்தது, யாருடைய டேப்ரிக்கார்டர், எந்த ஷிப்ட், எந்த மொழிகள், நாடாவுக்குக் காசு கொடுத்தது யார், மேலே முன்னால் என்ன பாட்டு இருந்தது (ஏனென்றால் பெரும்பாலானவை பழைய சினிமாப் பாட்டின் மேல் பதிந்தவை, இடைவெளிகளில் அது லேசாகக் கேட்கும்). பாடியவரைக் கண்டுபிடித்தால் அவரையே கேட்டு எழுதுவது, பெயர் போட வேண்டாம் என்றால் போடாமல் இருப்பது. உறையைத் தூக்கி எறியாமல் இருப்பது. ஒரு நாடாவின் உறையில், பாட்டுப் பட்டியலுக்குக் கீழே, பால்பாயிண்ட் பேனாவில் இப்படி எழுதியிருந்தது: நாடா 22 ரூபாய், பேட்டரி 24, டீ 15, மைக் செட் ஓசி. எழுதியவருக்கு ஸ்கிரிட்டி பொலிட்டி தெரிந்திருக்க வழியில்லை. சங்கத்துக்குக் கணக்குக் காட்டுவதற்காக எழுதியிருப்பார்.

இந்தப் பக்கத்தில், தேன்கனிக்கோட்டையில், பாகலூரில், சூளகிரியில், யார் வீட்டுப் பரணிலாவது இப்படி நாடாக்கள் இருந்தால் ஈரம் படாத தகர டப்பாவில் போட்டு வையுங்கள். ஓட்டிப் பார்க்க வேண்டாம், உறை முதலில்.